அந்த 1,140 டாலர்

"ஆஸ்பத்திரிக் கடன் இனிமேல் கிரெடிட் ரிப்போர்ட்டில் வராது" என்று ஒரு ஃபார்வேர்டு எங்கள் டாலஸ் வாட்ஸ்அப் குழுவில் இன்னும் சுற்றுகிறது. அப்படி ஒரு விதி 2025 ஜனவரியில் வந்தது உண்மைதான். அதே வருஷம் ஜூலையில் டெக்சாஸில் உள்ள ஃபெடரல் நீதிமன்றம் அதை ரத்து செய்துவிட்டது. மிஞ்சியிருப்பது, நாம் கடனை எப்படிக் கட்டுகிறோம் என்று பதிவு செய்து கிரெடிட் ரிப்போர்ட் தரும் எக்ஸ்பீரியன், ஈக்விஃபேக்ஸ், டிரான்ஸ்யூனியன் என்ற மூன்று கம்பெனிகளும் 2022லும் 2023லும் தாங்களாகவே ஒப்புக்கொண்டது மட்டும்: 500 டாலருக்குக் குறைந்த மருத்துவக் கடனைக் காட்டமாட்டார்கள், கட்டி முடித்ததை நீக்கிவிடுவார்கள், கட்டாததை ஒரு வருஷம் கழித்துத்தான் ஏற்றுவார்கள்.

எங்களுடையது 1,140 டாலர்.

2021இல் மகனுக்கு நடுராத்திரியில் காய்ச்சல் ஏறி எமர்ஜென்சிக்கு ஓடினோம். நான் வேலை மாறிச் சில நாட்கள்தான் ஆகியிருந்தன. பதற்றத்தில் பர்சிலிருந்த பழைய இன்சூரன்ஸ் கார்டை நீட்டியிருக்கிறேன். மறுநாள் ஆஸ்பத்திரியில் புதுக் கார்டைக் கொடுத்தோம். ரத்தம் சோதித்த லேபுக்கு அந்தத் தகவல் போகவில்லை. அப்புறம் அபார்ட்மென்ட் மாறினோம். லேபின் பில்கள் பழைய முகவரிக்கே போய்க்கொண்டிருந்தன.

2024இல் வீடு பார்க்கத் தொடங்கியபோது லோன் ஆபீசர் போனில் அந்த மூன்று கம்பெனிகளின் கிரெடிட் ஸ்கோரையும் வாசித்தார். 638, 652, 671. நடுவில் உள்ளதைத்தான் எடுப்பார்களாம். "ஒரு மெடிக்கல் கலெக்‌ஷன் கிடக்கிறதே" என்றார். கட்டாமல் விட்டு வசூலுக்குப் போன மருத்துவ பில் என்று அர்த்தம்.

"ஆயிரம் டாலர்தானே, கட்டித் தொலைங்க. கடன்காரங்கன்னு பேர் வேண்டாம்" என்றாள் மனைவி. கட்டியிருந்தாலும் ரிப்போர்ட்டிலிருந்து போயிருக்கும், அவள் சொன்னதில் தப்பில்லை. ஆனால் எனக்கு எரிச்சல் வந்தது இங்கேதான். கடன் என்றால் நமக்கு இரண்டே வழி தெரியும்: கவரைப் பிரிக்காமல் டிராயரில் போடுவது, இல்லையென்றால் கேள்வி கேட்காமல் கட்டிவிடுவது. வெண்டைக்காய் விலையை மூன்று கடையில் ஒப்பிடும் நாம், இந்தக் கடன் நிஜமாகவே நம்முடையதுதானா என்று மட்டும் கேட்பதில்லை.

நான் கடிதமாகக் கேட்டேன். வரிவரியாகப் பிரித்த பில் வேண்டும், எந்த இன்சூரன்ஸுக்கு அனுப்பினார்கள் என்று தெரிய வேண்டும். வந்த தாளில் பழைய கம்பெனியின் இன்சூரன்ஸ் பெயர் இருந்தது. மகனை அழைத்துப்போனதற்கு முந்தைய மாதமே முடிந்துபோன இன்சூரன்ஸ்! புது இன்சூரன்ஸில் விசாரித்தால், லேப் அவர்களோடு ஒப்பந்தம் உள்ள நெட்வொர்க்கில்தான் இருக்கிறது. கெடுவுக்குள் பில் அனுப்பாதது லேபின் தவறு, அதை உங்கள் தலையில் கட்ட முடியாது என்றார்கள். அதை எழுத்தில் வாங்க மூன்று முறை போன் போட வேண்டியிருந்தது. பிறகு லேப் பில்லைத் திரும்பப் பெற்றது. ரிப்போர்ட்டில் தகராறு பதிவு செய்தேன். இரண்டு இடத்தில் முப்பது நாளுக்குள் போய்விட்டது, மூன்றாவதற்கு இன்னொரு கடிதம்.

நண்பர் ஒருவர் வேறு விதமாகச் செய்தார். ஆறாயிரம் டாலர் ஆஸ்பத்திரி பில்லை ஒரே மூச்சில் கிரெடிட் கார்டில் தேய்த்தார். தேய்த்த நிமிடமே அது மருத்துவக் கடன் இல்லை, வெறும் கார்டு கடன். ஒரு வருஷக் கெடுவும் கிடையாது, வட்டியும் ஓடும். கார்டு நிரம்பியதால் ஸ்கோரும் விழுந்தது. ஸ்கோர் போடும் ஃபைகோ முறையில் நேரத்துக்குக் கட்டுவது 35 சதவீதம், எவ்வளவு பாக்கி வைத்திருக்கிறோம் என்பது 30 சதவீதம். அவர் போன ஆஸ்பத்திரி லாப நோக்கமற்றது. அப்படிப்பட்டவர்கள் சட்டப்படி உதவித் திட்டம் வைத்திருக்க வேண்டும், முதல் பில் வந்து 240 நாள் வரை விண்ணப்பிக்கலாம். "நாம என்ன ஏழையா?" என்று கேட்டுவிட்டார்.

ஸ்கோர் ஏற்ற நான் பெரிதாக எதுவும் செய்யவில்லை. இரண்டு கார்டில் மளிகைக்கு மட்டும் தேய்த்து, ஸ்டேட்மென்ட் வருவதற்கு முன்பே கட்டினேன். கார் மாற்றும் ஆசையைத் தள்ளிப்போட்டேன். அவசரமென்றால் அரசு உத்தரவாதம் தரும் எஃப்எச்ஏ வீட்டுக் கடனும் உண்டு: 580 ஸ்கோர் இருந்தால் 3.5 சதவீதம் முன்பணம், மருத்துவக் கலெக்‌ஷனை அவர்கள் கணக்கில் எடுப்பதில்லை.

எல்லாம் முடிந்து மனைவி டிராயரைக் காலி செய்தபோது பிரிக்காத கவர் இன்னொன்று கிடந்தது. ஒரு கிளினிக்கில் 86 டாலர் பாக்கி. தேதி, இன்சூரன்ஸ் எல்லாம் சரிபார்த்தோம். அது எங்களுடையதுதான். அன்றைக்கே கட்டினோம்.