முகாமில் வேதத்தை யார் கையில் கொடுக்கிறோம்?

விடுமுறை வரப்போகிறது. சபைகளில் வாலிபர் முகாமுக்கான கூட்டங்கள் தொடங்கிவிட்டன. ரீசேர்ட் என்ன நிறம், பனர் எவ்வளவு நீளம், சவுண்ட் ஆரிடம் எடுக்கிறது, மூன்று நாள் சாப்பாடு ஆர் பொறுப்பு என்று மணித்தியாலக்கணக்காகக் கதைக்கிறோம். எல்லாம் தேவையானவைதான். ஆனால் பிள்ளைகளோடு வட்டமாக இருந்து வேதத்தைத் திறக்கப்போகிற பெரிய ஆட்களைப் பற்றிய பேச்சு, எல்லாரும் கதிரையை விட்டு எழும்பும் நேரத்தில்தான் வருகிறது. "அதுக்கு அந்த ரீச்சரைக் கேப்பம். அந்தத் தம்பியும் வருவான்தானே." முகாமுக்கு முதல் நாள் பின்னேரம் அவர்கள் கையில் ஒரு போட்டோக்கொப்பி கிடைக்கும். பயிற்சி அவ்வளவுதான்.

இது சரியில்லை என்று கூட்டங்களில் பல வருஷமாகச் சொல்லிவருகிறேன். கூட்டத்தில் சொன்னது கூட்டத்தோடு போய்விடுகிறது. அதனால் இங்கே விரிவாக எழுதுகிறேன்.

குழுத் தலைவர்களாக நாங்கள் யாரைப் பிடிக்கிறோம்? ஒன்று, பாட்டும் கூத்துமாகப் பிள்ளைகளைக் கலகலப்பாக வைத்திருக்கக்கூடிய இளைஞர்கள். மற்றது, பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிற ஆசிரியர்கள். இரண்டு தரப்பும் அருமையான ஆட்கள், மனமுவந்து வருகிறவர்கள். ஆனால் சத்தம் போட்டுப் பழகியவருக்குப் பிள்ளைகள் அமைதியாக இருந்தால் பதற்றம் வந்துவிடும். படிப்பித்துப் பழகியவருக்குக் கேள்வி என்றாலே அதற்கு ஒரு சரியான விடை இருக்கவேண்டும். எங்கள் பிள்ளைகளும் அப்படித்தான் வளர்ந்திருக்கிறார்கள். விடிய ஐந்தரைக்கு ரியூசனில் தொடங்கி இரவு வரைக்கும் புள்ளி, விடை, கடந்தகால வினாத்தாள். முகாமில் வேதப்பகுதியை வாசித்து "இதிலயிருந்து என்ன விளங்குது?" என்று கேட்டால், பிள்ளை ரீச்சரின் முகத்தைப் பார்த்து அவர் விரும்புகிற விடையைச் சொல்லும். "கீழ்ப்படியவேணும்." "ஜெபிக்கவேணும்." "விசுவாசம் வேணும்." ரீச்சர் "வெரி குட்" என்பார். இருபது நிமிஷத்தில் பாடம் முடிந்துவிடும். பிள்ளைக்குள் ஒன்றும் நடந்திருக்காது.

அடுத்தது விளையாட்டு. கயிறிழுத்தல் வைத்துவிட்டு "ஒற்றுமையே பலம்" என்று ஒரு வசனத்தைச் சொல்வது, புதையல் தேடுதல் வைத்துத் துண்டுகளில் வசனம் எழுதிவிடுவது, இவற்றையெல்லாம் வேதத்தை அடிப்படையாகக் கொண்ட செயற்பாடு என்று என்னால் சொல்லமுடியாது. விளையாட்டு நல்லது, விளையாடட்டும். வேதச் செயற்பாடு என்றால், அதைச் செய்து முடித்த பிள்ளைக்கு அந்த வேதப்பகுதி முன்பைவிடத் தெளிவாகத் தெரியவேண்டும். அந்த வேதப்பகுதியை எடுத்துவிட்டால் செயற்பாட்டுக்கே அர்த்தம் இருக்கக்கூடாது.

ஒரு உதாரணம். மாற்கு 4ஆம் அதிகாரத்தின் கடைசியில் வருகிற புயல், இயேசு படகில் நித்திரையாக இருக்கையில் எழும்பி அவர் சொல்லால் அடங்கிய புயல், எல்லாருக்கும் தெரியும். 1986ஆம் ஆண்டு கலிலேயாக் கடலில் தண்ணீர் வற்றிய காலத்தில், இயேசு வாழ்ந்த காலத்தை ஒட்டிய ஒரு மரப்படகு சேற்றுக்குள் இருந்து கண்டெடுக்கப்பட்டது. நீளம் எட்டு மீற்றருக்குச் சற்று மேல், அகலம் 2.3 மீற்றர். மணலில் கயிற்றால் அந்த அளவுக்கு ஒரு படகு போட்டு, பதின்மூன்று பேரை அதற்குள் இருக்கச் சொல்லுங்கள். ஒருவர் பின்பக்கத்தில் தலையணை வைத்துப் படுக்கட்டும். மற்றவர்கள் தண்ணீர் இறைக்கட்டும். பிறகு வேதப்பகுதியை மெதுவாக வாசியுங்கள். "போதகரே, நாங்கள் மடிந்துபோகிறது உமக்குக் கவலையில்லையா" என்ற வசனம் வரும்போது, படகுக்குள் நெருங்கியடித்து இருக்கிற பிள்ளைக்கு அந்தக் கோபம் விளங்கும். அது பக்தியான கேள்வி இல்லை, பயத்தில் வந்த கோபம். அதை யாரும் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை.

இந்தச் செயற்பாட்டை ஒரு முகாமில் செய்தபோது நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். வாசித்து முடிந்ததும் கடற்கரைச் சபை ஒன்றில் இருந்து வந்த ஒரு பெடியன் கேட்டான்: "அக்கா, வேற படகுகளும் கூடப் போனதெண்டு கிடக்கு. அதுகளுக்கு என்ன நடந்தது?"

36ஆம் வசனத்தைத் திறந்து பாருங்கள். வேறு படவுகளும் அவரோடேகூட இருந்தன என்று இருக்கிறது. எத்தனையோ பிரசங்கம் கேட்டிருக்கிறோம், அந்தப் படகுகளைப் பற்றி யாரும் கதைப்பதில்லை. அந்தப் பிள்ளை கதைத்தான். வீட்டில் தகப்பன் தொழிலுக்குப் போகிற பிள்ளை. காற்று எழும்பினால் தன் படகை மட்டும் பார்க்கிற பழக்கம் அவர்களிடம் இல்லை, கூட வந்தவன் எங்கே என்றுதான் முதலில் தேடுவார்கள். நாங்கள் எல்லாரும் விட்டுப்போன இடத்தில் அவன் கண் நின்றது. குழுவை நடத்திய அக்கா கையில் இருந்த தாளைப் பார்த்தா. அதில் அந்தக் கேள்வி இல்லை. "அது எங்கட பாடத்தில இல்லை, தம்பி. நாங்கள் விசுவாசத்தைப் பற்றிப் பாப்பம்" என்று சொல்லிவிட்டா. அவன் அதற்குப் பிறகு அந்த முகாமில் வாய் திறந்து நான் காணவில்லை.

அந்த அக்காவில் எனக்கு ஒரு கோபமும் இல்லை. நல்ல மனசு. நாங்கள் அவவுக்கு ஒரு தாளைக் கொடுத்தோம், அந்தத் தாளுக்கு வெளியே போகலாம் என்று யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. "நல்ல கேள்வி. நீ என்ன நினைக்கிறாய்? உங்கட ஊரில காத்து எழும்பினா என்ன செய்வினம்?" என்று திருப்பிக் கேட்கப் பழக்கியிருந்தால், அன்றைக்கு அந்த வட்டத்தில் இருந்த பிள்ளைகள் எல்லாம், அமைதி ஒரு படகுக்கு மட்டுமா வந்தது என்று தாங்களே யோசித்திருப்பார்கள்.

ஆயத்தம் என்று நான் சொல்வது இதைத்தான். முதலில், தலைவர் வேதப்பகுதியைத் தனக்காக வாசித்திருக்கவேண்டும். ஒரு கிழமைக்கு முன்னமே, பிள்ளைகளுக்கு என்ன சொல்லலாம் என்ற யோசனை இல்லாமல். கலிலேயாக் கடல் ஒரு நன்னீர் ஏரி, நீளம் ஏறக்குறைய 21 கிலோமீற்றர், கடல் மட்டத்திலிருந்து 200 மீற்றருக்கும் கூடிய பள்ளத்தில் மலைகளுக்கு நடுவே கிடக்கிறது, மலையிலிருந்து இறங்கும் காற்று சடுதியாகக் கொந்தளிப்பை உண்டாக்கும் என்ற அளவுக்காவது தெரிந்திருக்கவேண்டும். சோளகக் காற்றும் வாடைக் காற்றும் தெரிந்த பிள்ளைகள் இதை ஆர்வமாகக் கேட்பார்கள். திருப்பிச் சொல்லித் தருவார்கள்கூட.

இரண்டாவது, பயிற்சிநாளில் பெரிய ஆட்களே அந்தச் செயற்பாட்டைச் செய்யவேண்டும். விரிவுரை வேண்டாம், புரொஜெக்டர் வேண்டாம். நாங்கள் மண்டபத் தரையில் கயிறு போட்டு, ஓய்வுபெற்ற அதிபரையும் வங்கியில் வேலை செய்கிற தம்பியையும் அந்தப் படகுக்குள் இருத்தினோம். முதலில் வெட்கம், பிறகு சிரிப்பு. வேதப்பகுதி வாசித்த பிறகு ஒரு கேள்வி கேட்டுவிட்டு, யாரும் விடை சொல்லும் வரைக்கும் கேட்டவர் வாய் திறக்கக்கூடாது என்றோம். அந்த அதிபர் அம்மா கேள்வி கேட்டா. ஐந்து செக்கன் போகவில்லை, "அதாவது பிள்ளையள்..." என்று தானே விடையைத் தொடங்கிவிட்டா. திரும்பச் செய்தோம். அடுத்த முறை கையைச் சேலைத் தலைப்பில் சுற்றிக்கொண்டு, உதட்டை இறுக்கிக்கொண்டு இருந்தா. அரை நிமிஷம் கழித்து, அதுவரைக்கும் ஒன்றும் கதைக்காத ஒரு ஐயா, "எனக்கு அந்தத் தலையணைதான் கோபத்தைத் தந்தது" என்றார். அந்த ஒரு வசனத்தில் இருந்து முக்கால் மணித்தியாலம் கதைத்தோம். மௌனத்தைத் தாங்குகிற பழக்கம் புத்தகத்தால் வராது, இப்படிச் செய்துபார்த்துத்தான் வரும்.

இதற்கு முன்மாதிரி வேதத்திலேயே இருக்கிறது. அப்போஸ்தலர் 8ஆம் அதிகாரத்தில் பிலிப்பு என்ன செய்கிறார்? எத்தியோப்பிய மந்திரி ஒருவனின் இரதத்தோடு சேர்ந்து ஓடுகிறார். அந்த மனுஷன் எதை வாசிக்கிறான் என்று காதுகொடுத்துக் கேட்கிறார். வாசிப்பது விளங்குகிறதா என்று கேட்கிறார். ஏறிப் பக்கத்தில் இரு என்று அவன் கூப்பிட்ட பிறகுதான் ஏறுகிறார். அவன் வாசித்துக்கொண்டிருந்த அதே வேதவாக்கியத்தில் இருந்து தொடங்குகிறார். எங்கள் தலைவர்கள் பலர் பிள்ளை கூப்பிடமுன்னமே இரதத்தில் ஏறி, பிள்ளை வாசிக்காத வேறொரு பக்கத்தில் இருந்து தொடங்குகிறார்கள்.

சங்கடமான பகுதிகளைப் பற்றியும் சொல்லவேண்டும். நல்ல சமாரியன் உவமையை எடுப்போம். வழியில் அடிபட்டுக் கிடந்தவனுக்கு உதவியது, யூதர் வெறுத்த ஒரு சமாரியன். எருசலேமில் இருந்து எரிகோவுக்கு ஏறக்குறைய 27 கிலோமீற்றர், யாழ்ப்பாணத்தில் இருந்து பருத்தித்துறைக்குப் போகிற தூரத்தைவிடச் சற்றுக் குறைவு. நாடகமாக நடிக்கப் பிள்ளைகளுக்கு விருப்பம். ஆனால் "எங்கட ஊரில சமாரியன் ஆர்?" என்று கேட்டவுடன் பெரிய ஆட்களின் முகம் மாறும். சிங்களவர் என்று ஒரு பிள்ளை சொல்லும், அது லேசு. 1990 ஒக்ரோபரில் வடக்கில் இருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் குடும்பங்களைப் பற்றி ஒரு பிள்ளை கேட்டால்? அடுத்த ஒழுங்கையில் இருக்கிற, எங்கள் வீட்டுக் கிணற்றில் அள்ளவிடாத குடும்பத்தைப் பற்றிக் கேட்டால்? "அதெல்லாம் அரசியல், இஞ்ச வேண்டாம்" என்று மூடிவிடுகிறோம். 1924இல் இதே மண்ணில் ஹண்டி பேரின்பநாயகமும் அவரோடு சேர்ந்த இளைஞர்களும் மாணவர் காங்கிரசைத் தொடங்கினார்கள். அதுதான் பிறகு வாலிபர் காங்கிரஸ் ஆனது. சாதி வேற்றுமைக்கு எதிராகக் கதைத்தார்கள், 1927இல் காந்தியை யாழ்ப்பாணத்துக்குக் கூப்பிட்டார்கள். நூறு வருஷத்துக்கு முந்திய இளைஞர் தாங்கிய கேள்வியை இன்றைய பிள்ளைகள் தாங்கமாட்டார்கள் என்று யார் சொன்னது? தாங்காதவர்கள் நாங்கள். ஆகவே பயிற்சியில் இந்தக் கேள்விகளைப் பெரிய ஆட்களிடம் முதலில் கேட்கவேண்டும். அவர்கள் தங்களுக்குள் ஒருமுறை வியர்த்துவிட்டு வரட்டும்.

மொழியைப் பற்றி ஒன்று. பழைய மொழிபெயர்ப்பு எங்கள் நெஞ்சில் ஊறியது, அதை விடச் சொல்லவில்லை. ஆனால் அதோடு 1995இல் வந்த திருவிவிலியத்தையும் பக்கத்தில் வைத்து வாசித்தால் பிள்ளைகளுக்கு வழி திறக்கும். வேதத்தை ஊன்றி வாசிக்கிற பழக்கம் இந்த ஊருக்குப் புதிதில்லை. 19ஆம் நூற்றாண்டில் இங்கே பணிசெய்த பேர்சிவல் பாதிரியாரின் வேத மொழிபெயர்ப்புக்காக அதை வரிவரியாகப் படித்து உழைத்தவர், அப்போது இருபது வயதுகளில் இருந்த சைவரான ஆறுமுக நாவலர். தான் ஏற்காத நூலையே அவ்வளவு கவனமாக வாசித்த ஊரில், ஏற்றுக்கொண்ட நாங்கள் ஒரு போட்டோக்கொப்பியோடு போவது எனக்கு வலிக்கிறது.

கடைசி இரவைப் பற்றி நான் எழுதப்போவது சிலருக்குப் பிடிக்காது. நெருப்பு மூட்டி, விளக்கை அணைத்து, மெதுவாகப் பாட்டுப் போட்டு, "அம்மாவை நினையுங்கோ, அப்பாவை நினையுங்கோ" என்று சொல்லிப் பிள்ளைகளை அழவைக்கிறோம். எத்தனை பேர் அழுதார்கள் என்பதை வைத்து முகாமின் வெற்றியை அளக்கிறோம். தகப்பன் காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளை அந்த வட்டத்தில் இருக்கலாம். தாய் வெளிநாட்டில் வேலை செய்ய, அம்மம்மாவோடு வளர்கிற பிள்ளை இருக்கலாம். அந்தக் காயத்தை இருட்டில் கிளறிவிட்டு, அடுத்த நாள் காலமை வானில் ஏற்றி அனுப்புகிறோம். வேதம் தானாக ஒரு பிள்ளையை அழவைத்தால் அழட்டும், பக்கத்தில் இருங்கள். நாங்கள் திட்டமிட்டு அழவைக்கக்கூடாது.

அதற்குப் பதிலாக யோவான் 21ஆம் அதிகாரத்தைக் காலமையில் செய்யலாம். கடற்கரையில் கரிநெருப்புப் போட்டு, மீன் சுட்டு, பாண் வைத்து, யாரும் பிரசங்கம் பண்ணாமல் சாப்பிடுங்கள். இயேசுவைத் தெரியாது என்று பேதுரு மறுதலித்த இரவிலும் ஒரு கரிநெருப்பு இருந்தது. 18ஆம் அதிகாரத்தையும் வாசித்துவிட்டு வந்த தலைவருக்கு இது தெரிந்திருக்கும், பிள்ளைகள் கண்டுபிடிக்கும் வரைக்கும் அவர் சொல்லாமல் இருக்கவேண்டும். இயேசு பேதுருவை எல்லாருக்கும் முன்னால் அழவைக்கவில்லை, முதலில் சாப்பாடு கொடுத்தார்.

பாதுகாப்பு விஷயத்தில் விட்டுக்கொடுப்புக்கே இடமில்லை. எந்தப் பெரிய ஆளும் ஒரு பிள்ளையோடு மூடிய அறையில் தனியே கதைக்கக்கூடாது, மற்றவர்கள் காணக்கூடிய இடத்தில் இருந்து கதைக்கலாம். "ஒருத்தருக்கும் சொல்லமாட்டன்" என்று பிள்ளைக்கு வாக்குக் கொடுக்கக்கூடாது. வேதக் கதைகள் பிள்ளைகளின் வாயைத் திறக்கும். வீட்டில் நடக்கிற அடியோ அதைவிடப் பெரிய கொடுமையோ அந்த நேரத்தில் வெளியே வரலாம். வந்தால் ஜெபம் பண்ணிவிட்டுப் பேசாமல் இருக்கமுடியாது. பொறுப்பானவருக்கு உடனே தெரிவிக்கவேண்டும். தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் இலக்கம் 1929 ஒவ்வொரு தலைவரின் போனிலும் இருக்கவேண்டும். பயிற்சியில் இதற்கு ஒரு மணித்தியாலமாவது ஒதுக்காத முகாமுக்கு என் பிள்ளையை நான் அனுப்பமாட்டேன்.

"ஆக்களுக்கு நேரமில்லை, பயிற்சிக்கு ரெண்டு சனிக்கிழமை ஆர் வருவினம்?" என்பதுதான் எனக்கு எப்போதும் கிடைக்கிற பதில். நத்தார் கரோலுக்கு நவம்பரில் இருந்து மழைக்குள்ளும் வந்து பாடிப் பழகுகிறோமே. ஒரு சுருதி பிசகக்கூடாது என்று அவ்வளவு கவனம். பிள்ளைகளின் கையில் வேதத்தைக் கொடுப்பதற்கு இரண்டு சனிக்கிழமை கேட்பது கூடவா?

ஆகவே இந்த முறை முகாம் குழுக்களில் இருக்கிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். பனருக்குக் காசு ஒதுக்குமுன் பயிற்சிநாளுக்கான பிளேன்ரீக்கும் பஸ் காசுக்கும் ஒதுக்குங்கள். வேதப்பகுதிகளை ஒரு மாதத்துக்கு முன்னமே தலைவர்கள் கையில் கொடுங்கள். வயது பார்க்காதீர்கள், குரல் பார்க்காதீர்கள், பிள்ளை கதைக்கும்போது குறுக்கே விழாமல் கேட்கக்கூடியவரா என்று பாருங்கள். இரண்டு பயிற்சிநாளும் வரமுடியாதவர்கள் மனவருத்தப்படவேண்டாம், சமையலிலும் விளையாட்டிலும் அவர்களுக்கு நிறைய வேலை இருக்கிறது. ஆனால் பயிற்சிக்கு வராத ஒருவரிடம், அவர் எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும், ஒரு சிறுகுழுவை ஒப்படைக்காதீர்கள். அவர் போதகராக இருந்தாலும்கூட.