பேச்சு புலனத்திலேயே இருக்கட்டும், படங்களை வெளியே எடுப்போம்

ரப்பர்த் தோட்டத்தில் ஒன்றாக இருந்தவர்கள் சேர்ந்திருக்கும் நம் குழுவைப் புலனத்திலிருந்து (வாட்ஸ்அப்) டெலிகிராமுக்கு மாற்றலாமா என்று தொடங்கிய பேச்சு இன்னும் ஓயவில்லை. தம்பிகள் மாறியே ஆகவேண்டும் என்று நிற்கிறார்கள். அக்காமார்களோ, "இருக்கிறதே போதும், இன்னொன்றைக் கற்றுக்கொள்ள யாருக்கு நேரம்?" என்கிறார்கள். குழுவில் நீளமாக எழுதினால் கொஞ்ச நேரத்தில் அது மேலே போய்விடும், அதனால் இங்கே எழுதுகிறேன். மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் எல்பில், ஹேவூட், டோவன்பி என்று எந்தத் தோட்டத்துக் குழுவில் இருப்பவர்களுக்கும் இது பொருந்தும்.

என்னைக் கேட்டால், ஆட்களை நகர்த்த வேண்டாம். நம் பொருளை நகர்த்துவோம்.

குழுவில் இருக்கும் பெரியவர்கள் பலர் எழுதுவதே இல்லை. மைக்கை அழுத்திப் பேசுகிறார்கள். "யாரு, கிராணி வீட்டுக்குப் பக்கத்து லயத்துல இருந்தவங்க மகளா நீ?" என்று ஒரு குரல் வரும். (கிராணி என்றால் தோட்டத்து எழுத்தர், லயம் என்றால் தொழிலாளர்களின் வரிசை வீடுகள்.) உடனே கிள்ளானிலிருந்தும் ஜொகூரிலிருந்தும் நாலு குரல் எழும். தோட்டத்தை விட்ட பிறகு ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காதவர்கள் அவர்கள். இந்த அளவுக்குப் பழக்கம் வருவதற்கே பேரப்பிள்ளைகள் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுக்க வேண்டியிருந்தது. 2021 ஜனவரியில் புலனம் தன் தனியுரிமைக் கொள்கையை மாற்றப் போவதாகச் சொன்னபோது உலகம் முழுக்கக் கோடிக்கணக்கானவர்கள் டெலிகிராமிலும் சிக்னலிலும் போய்ச் சேர்ந்தார்கள். நம்மிலும் சிலர் போனோம். பெரியவர்கள் வரவில்லை. துக்கச் செய்தியும் கல்யாணச் செய்தியும் புலனத்தில்தான் வந்தன, அதனால் எல்லாரும் திரும்பிவிட்டோம். மனிதர்கள் இருக்கும் இடம்தான் குழு. அதைக் கலைத்துவிட்டு எவ்வளவு நல்ல செயலியைப் பிடித்தாலும் என்ன பயன்?

ஆனால் தம்பிகளின் கவலையைத் தள்ளிவிட முடியாது. சில மாதங்களுக்கு முன் ஓர் அக்கா ஆயக்கொட்டகைப் படம் ஒன்றைப் போட்டார், அதாவது அம்மாக்கள் வேலைக்குப் போகும்போது பிள்ளைகளை விட்டுச்செல்லும் இடம். கறுப்பு வெள்ளைப் படம், ஓரம் பூச்சி அரித்தது. வாசலில் பிள்ளைகள், பின்னால் ஆயாம்மா, தூணில் சாய்ந்துகொண்டு ஒரு பையன். படம் ஒரு பக்கம் இருக்கட்டும், அதற்குக் கீழே வந்த குரல்பதிவுகள்தான் பெரிய சொத்து. தூணில் சாய்ந்திருப்பவன் யார், அவன் அப்பா எந்த மர நிரையில் பால் வெட்டினார், கொட்டகைக்குப் பின்னால் இருந்த கிணற்றை ஏன் மூடினார்கள், பெரட்டுக்கு (விடியுமுன் ஆள் கணக்கெடுக்கும் இடம்) போகிற அம்மாக்கள் இருட்டோடு பிள்ளைகளைத் தூக்கத்திலேயே கொண்டுவந்து கிடத்திவிட்டுப் போனது, எல்லாம் அதில் இருக்கிறது. எந்தப் புத்தகத்திலும் இது இல்லை. அதில் பேசிய தாத்தா ஒருவர் தீபாவளிக்கு முன்பே காலமாகிவிட்டார்.

சரி, அந்தக் குரல் இப்போது எங்கே இருக்கிறது? அவரவர் கைப்பேசியில், அவரவர் பேக்கப்பில். குழுவில் நாளைக்குச் சேரும் பேரனுக்கு அந்தப் பழைய உரையாடல் முழுதாகத் தெரியாது. புலனம் படத்தைச் சுருக்கித்தான் அனுப்பும். 2023-இல் எச்டி வசதி வந்துவிட்டது என்றாலும், படத்தை டாக்குமென்டாக அனுப்பினால்தான் அசல் அப்படியே போய்ச் சேரும். தொடர்ந்து 120 நாள் பயன்படுத்தாத கணக்குகளைப் பொதுவாக அழித்துவிடுவார்கள். முன்பு ஆண்ட்ராய்டு பேக்கப் கூகுளின் இடக் கணக்கில் சேராது. இப்போது அது இலவச 15 ஜிபிக்குள் அடங்க வேண்டும். இடம் நிறைந்தால் பேக்கப் நின்றுவிடும். பலருக்கு அது தெரிய வருவதே கைப்பேசி உடைந்த அன்றுதான்.

லயத்து வீட்டில் பிறந்தவர்களுக்கு இதை அதிகம் விளக்கத் தேவையில்லை. வாசலில் செம்பருத்தி வைத்தோம், பின்னால் கோழிக்கூண்டு கட்டினோம், நம் செலவில் சிமெண்டுத் தரை போட்டோம். ஆனாலும் வீடு தோட்டத்து வீடு. வேலை முடிந்தால், தோட்டம் கை மாறினால், காலி பண்ண வேண்டும். இணையத்தில் நாம் குடியிருக்கும் இடங்களும் அப்படித்தான். புலனம் மட்டுமில்லை, டெலிகிராமும் அடுத்தவர் வீடுதான்.

நம் வயதுக்காரர்களுக்கு ஃபிரெண்ட்ஸ்டர் என்ற சமூக வலைத்தளம் நினைவிருக்கும். இடைநிலைப்பள்ளி நாட்களில் சைபர் கஃபேயில் உட்கார்ந்து படம் ஏற்றியதெல்லாம் அதில்தான். 2009-இல் அதை வாங்கியது நம் நாட்டு நிறுவனம்தான். 2011 மே 31-ஆம் தேதியோடு பழைய படங்களையும் பதிவுகளையும் அழித்துவிட்டு அதை விளையாட்டுத் தளமாக்கினார்கள். ஆக, உள்ளூர்க்காரர் கையில் இருந்தால் பத்திரம் என்றும் சொல்வதற்கில்லை. யாஹூ குழுமங்கள் என்ற மின்னஞ்சல் குழுக்களின் கதையும் அதேதான். சுங்கைப் பட்டாணியிலிருந்து டாக்டர் ஜெயபாரதி நடத்திய அகத்தியர் குழுமத்தில் தமிழைப் பற்றியும் வரலாற்றைப் பற்றியும் எவ்வளவு எழுதிக் குவித்தார்கள்! 2019 டிசம்பரில் யாஹூ குழுமங்களின் பழைய சேமிப்பை நீக்கியது, அடுத்த ஆண்டு டிசம்பரில் சேவையையே மூடியது. முன்கூட்டிப் பிரதி எடுத்து வைத்தவர்களிடம்தான் மடல்கள் மிஞ்சின.

எனக்கு மிகவும் வலித்தது முகநூல் நேரலை விஷயம். 2020 மார்ச் 18-இல் கோவிட் காலத்து நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்த பிறகு எத்தனை பேர் பெற்றவர்களின் இறுதிச் சடங்கை நேரலையில்தான் பார்த்தார்கள். கோயில் திருவிழாவும் பக்தர்கள் இல்லாமல், கைப்பேசிக்கு முன்னால் நடந்தது. அந்தக் காணொளிகள் என்றைக்கும் முகநூலிலேயே இருக்கும் என்றுதான் எல்லாரும் நினைத்தோம். 2025 பிப்ரவரியில் முகநூல் விதியை மாற்றியது. புதிய நேரலைகள் 30 நாள்தான் இருக்கும், பழையவற்றை அறிவிப்பு வந்த 90 நாளுக்குள் இறக்கிக்கொள்ள வேண்டும், இல்லையென்றால் அழிக்கப்படும் என்றார்கள். முன்னறிவிப்பு கொடுத்தார்கள், உண்மைதான். ஆனால் நேரலை போட்ட கணக்கு யாருடையது? சில வீடுகளில் அது போட்டவரே இறந்துவிட்டார். சில வீடுகளில் கடவுச்சொல் மறந்து, வேறு கணக்கு தொடங்கியிருப்பார்கள். அந்த அறிவிப்பை யார் திறந்து பார்த்திருப்பார்கள்?

அதனால் ஒரு செயலியைத் தேர்ந்தெடுக்கும்போது அழகாக இருக்கிறதா, இலவசமா என்பதற்கு முன்னால் நான் கேட்பது ஒன்றுதான்: போட்டதைத் திரும்ப எடுக்க முடியுமா? புலனத்தில் உரையாடலை வெளியே எடுக்க எக்ஸ்போர்ட் சாட் இருக்கிறது. குரல்பதிவையும் படங்களையும் சேர்த்தே எடுக்கலாம், ஆனால் நீண்ட உரையாடல் முழுதும் வராது, அதனால் அவ்வப்போது எடுத்துவிட வேண்டும். கூகுளில் நம் பொருளை இறக்கிக்கொள்ள டேக்அவுட் இருக்கிறது. முகநூலில் நம் பதிவுகளை மொத்தமாக இறக்கலாம், ஆனால் நம் படத்துக்குக் கீழே மற்றவர்கள் எழுதியது அப்படியே வராது. நமக்கு வேண்டியது பெரும்பாலும் அந்தக் கீழே இருப்பதுதான், ஆகவே அதைக் கையால் எடுத்து எழுதித்தான் ஆகவேண்டும்.

எடுத்ததை எப்படி வைப்பது என்பதிலும் கவனம் வேண்டும். முரசு அஞ்சல் என்ற தமிழ் மென்பொருளைத் தந்த முத்து நெடுமாறனின் நாடு இது, எண்பதுகளிலிருந்தே கணினியில் தமிழ் தட்டியிருக்கிறோம். ஆனால் எல்லாக் கணினிக்கும் பொதுவான யூனிகோடு குறியீடு பரவும் முன் ஒவ்வோர் எழுத்துருவும் தமிழ் எழுத்துகளைத் தன் இஷ்டப்படி வேறு வேறு இடத்தில் வைத்திருந்தது. கோயில் கமிட்டியின் பழைய கூட்டக் குறிப்புக் கோப்பு ஒன்றைத் திறந்தபோது பக்கம் பக்கமாக ஆங்கில எழுத்தும் தலையில் புள்ளியும் கோடும்தான் வந்தன. எழுத்துரு எது என்று கண்டுபிடித்து, எழுத்துரு மாற்றும் செயலியில் போட்ட பிறகுதான் "மாரியம்மன் ஆலய ஆண்டுக் கூட்டம்" என்ற வரி தெரிந்தது. இனி எழுதுவதை யூனிகோடில் எழுதுங்கள். கணக்கை எக்செல்லில் போடுங்கள், லிப்ரே ஆபிஸில் போடுங்கள், எதுவானாலும் சரி. ஆண்டு முடிவில் ஒரு பிடிஎஃப் எடுத்து வையுங்கள். பொருளாளர் மாறும்போது அவருடைய கைப்பேசியோடு கோயில் கணக்கும் போய்விடக் கூடாது. அப்புறம் ஒன்று, அடையாள அட்டைப் படத்தையும் வங்கிக் கணக்கு எண்ணையும் குழுவில் போடாதீர்கள், அது எந்தச் செயலியாக இருந்தாலும்.

இதையெல்லாம் தனி ஆளாகச் செய்ய முடியாது. தோட்டங்களைத் துண்டாடி விற்று நம் ஆட்கள் தெருவுக்கு வந்த காலத்தில், நம் சுங்கை சிப்புட்காரர் துன் வீ.தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளர்களே காசு சேர்த்துத் தோட்டங்களை வாங்கினார்கள். நமக்கு இப்போது தேவைப்படுவது அதில் தூசு அளவு. ஆளுக்குப் பத்து வெள்ளி (ரிங்கிட்) போட்டால் இரண்டு ஹார்ட் டிஸ்க் வாங்கிவிடலாம். ஒன்று கோயில் அலுவலகத்தில், இன்னொன்று வேறு ஊரில் இருக்கும் ஒருவர் வீட்டில். இரண்டிலும் ஒரே படங்கள், ஒரே குரல்கள். ஒவ்வொரு படத்துக்கும் கோப்புப் பெயரிலேயே தோட்டம், ஆண்டு, தெரிந்த பெயர்கள். ஆண்டு தெரியாவிட்டால் தெரியாது என்றே போடுவோம், ஊகித்து எழுத வேண்டாம்.

வரும் பள்ளி விடுமுறையில் கோயில் மண்டபத்தில் ஒரு நாள் உட்காரலாம் என்று கமிட்டியில் கேட்டிருக்கிறேன். ஸ்கேனர் என்னிடம் இருக்கிறது, இன்னொன்று யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள். எழுபது வயதுக்கு மேற்பட்டவர்களைக் காலையிலேயே அழைத்து வாருங்கள், முகம் பார்த்துப் பெயர் சொல்ல அவர்களால்தான் முடியும். பசியாறலுக்கு ஏற்பாடு செய்துவிடலாம். ஆல்பத்திலிருந்து படங்களைப் பிய்க்க வேண்டாம், ஆல்பமாகவே கொண்டு வாருங்கள். கைப்பேசியில் மட்டும் வைத்திருப்பவர்கள் சார்ஜர் வயரையும் மறக்காமல் எடுத்து வாருங்கள்.