புரோபயாடிக்குக்காகச் சொட்டு மருந்தைத் தள்ளிப்போட வேண்டாம்

"குடல் சரியில்லாத குழந்தைக்குத் தடுப்பு மருந்து வீண், முதலில் புரோபயாடிக் (குடலுக்கு நல்லது செய்யும் நுண்ணுயிரிகள்) கொடுத்துத் தேற்றுங்கள்" என்று சிலர் சொல்வது பாதிதான் சரி. வாய்வழிச் சொட்டு மருந்துகள் ஏழை நாடுகளில் குறைவாக வேலை செய்வது உண்மை. குடல் அழற்சி, சத்துக்குறைவு எல்லாம் காரணமாகச் சந்தேகிக்கப்படுகின்றன. ஊசிகளுக்கு இது அவ்வளவாகப் பொருந்தாது. குடலைத் தேற்றினால் மருந்து நன்றாக வேலை செய்யுமா என்று வேலூரில் கைக்குழந்தைகளுக்கு அசித்ரோமைசின் என்ற ஆன்டிபயாடிக் கொடுத்தே பார்த்தார்கள். குடல் அழற்சி குறைந்தது, ஆனால் போலியோ சொட்டு மருந்தின் பலன் கூடவில்லை.

அப்புறம், டெல்லி, புனே, வேலூரில் சோதித்த ரோட்டாவாக் என்ற சொட்டு மருந்து, ரோட்டா வைரஸால் வரும் கடுமையான வயிற்றுப்போக்கை முதல் வருடத்தில் சுமார் 56 சதவீதம் தடுத்தது. இதுவா வீண்? கண் குழிந்து, அழுதாலும் கண்ணீர் வராமல் துவண்டு கிடக்கும் குழந்தையைப் பார்த்தவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள். 6, 10, 14 வார வயதில் கொடுக்கும் சொட்டு மருந்துத் தவணைகளைத் தயவுசெய்து தள்ளிப்போடாதீர்கள்.