மெக்சிகோ கடற்கரையில் பிள்ளைகளோடு கூடாரம் போட இடம் தேடுகிறவர்களுக்கு

சான் டியாகோ பக்கம் இருக்கும் நம் ஆட்களில் பிள்ளைகளை சர்ஃபிங் வகுப்பில் சேர்த்திருப்பவர்கள் இப்போது நிறைய. ஒரு கோடை முடிந்து பிள்ளை போர்டில் எழுந்து நிற்கக் கற்றுக்கொண்டதும் அடுத்த கேள்வி வந்துவிடுகிறது: எல்லையைத் தாண்டி மெக்சிகோவின் பாஹா கலிஃபோர்னியா தீபகற்பத்துப் பக்கம் போய்க் கடற்கரையிலேயே நாலு நாள் கூடாரம் போட்டுத் தங்கலாமா? எங்கே போடுவது? கேட்டவர்களுக்கெல்லாம் வாட்ஸப்பில் துண்டு துண்டாக எழுதிக்கொண்டிருந்தேன். மொத்தமாக இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

குடும்பத்தோடு போகிறவர்கள் அலையை வைத்து இடம் முடிவு செய்ய வேண்டாம், கரையை வைத்து முடிவு செய்யுங்கள் என்பதுதான் என் கருத்து. அந்த இடத்தைப் பார்த்துக்கொள்வது யார்? ராத்திரி பக்கத்தில் வேறு குடும்பங்கள் இருப்பார்களா? நிழலும் கழிப்பறையும் உண்டா? அலைக்குப் போகாத சின்னவள் காலை நனைத்துக்கொண்டு உட்கார அமைதியான தண்ணீர் இருக்கிறதா? இணையத்தில் தேடினால் வருகிற பட்டியல்கள் எல்லாமே தனியாகச் சுற்றுகிற இளைஞர்களுக்காக எழுதப்பட்டவை. அலை எவ்வளவு உயரம், எவ்வளவு நீளம் என்று பக்கம் பக்கமாக எழுதுவார்கள். கழிப்பறையைப் பற்றி ஒரு வரி இருக்காது.

எனக்குத் தெரிந்து இந்தக் கேள்விகளுக்கெல்லாம் நல்ல பதில் சொல்கிற இடம் சான் ஹுவானிகோ. ஸ்கார்பியன் பே என்றால் சர்ஃபிங் தெரிந்தவர்களுக்கு உடனே புரியும். பாஹாவின் தென்பாதியில், பசிபிக் ஓரமாக இருக்கிற சின்ன மீனவ ஊர். தெற்கு பார்த்த வளைகுடா. கரையோரமாக ஒன்றன்பின் ஒன்றாகப் பாறை முனைகள் நீட்டிக்கொண்டிருக்கும், முதல் முனை, இரண்டாம் முனை என்று எண்ணை வைத்தே கூப்பிடுகிறார்கள். தெற்கிலிருந்து வரும் அலை ஒவ்வொரு முனையிலும் வளைந்து வளைந்து கரையோரமாக வெகுதூரம் ஓடும். தேர்ந்தவர்கள் வெளிமுனைகளுக்குப் போய்விடுவார்கள். ஊரை ஒட்டிய முதல் முனையில் அலை சின்னது, மெதுவானது, கீழே பெரும்பாலும் மணல். புதிதாகக் கற்றவர்களுக்கு அதுதான் இடம். மேட்டின் மேல் கூடாரம் போட்டால் பிள்ளை எந்த அலையில் வருகிறான் என்று ஓலைப்பந்தல் நிழலில் உட்கார்ந்தபடியே பார்க்கலாம்.

காலம் முக்கியம். அந்த வளைகுடாவுக்குள் தெற்கு அலைதான் நுழையும், அதனால் ஜூன் முதல் அக்டோபர் வரைதான் அங்கே அலை. குளிர்காலத்து வடமேற்கு அலைகளுக்கு வடக்கே என்செனாதா பக்கம் சான் மிகேல் போன்ற இடங்கள் உண்டு. என்செனாதா வளைகுடாவை 2014-இல் உலக அலைச்சறுக்குக் காப்பகமாக அறிவித்தார்கள், எல்லையிலிருந்து ஒன்றரை மணி நேரம்தான். ஆனால் கீழே முழுக்க உருண்டைக் கற்கள், தண்ணீர் ஐஸ் மாதிரி இருக்கும், வெட்சூட் இல்லாமல் பிள்ளைகள் தாங்க மாட்டார்கள். பழகுவதற்கு ஒரு வார இறுதி போய்வரலாம், அவ்வளவுதான்.

இப்போது நிலத்தைப் பற்றி. இதைத் தெரிந்துகொண்டால்தான் எந்தக் கூடார இடத்தை நம்பலாம் என்பது புரியும். மெக்சிகோவில் கடற்கரை பொதுச்சொத்து. ஓதம் எட்டும் கோட்டுக்கு மேலே 20 மீட்டர் வரைக்கும் மத்திய அரசின் நிலம். போகிறவர்களை மறித்தால் பத்து லட்சம் பெசோ வரைக்கும்கூட அபராதம் போடலாம் என்று 2020-இல் சட்டத்தைத் திருத்தினார்கள். ஆனால் கரைக்குப் போகிற பாதை யார் நிலத்தில் இருக்கிறது? புரட்சிக்குப் பிறகு 1917 அரசியல் சட்டத்தின் 27-ஆம் பிரிவின்படி ஊராருக்குப் பொதுவாகக் கொடுத்த நிலங்கள் உண்டு, எஹிதோ என்பார்கள். பல கடலோரங்களில் கூடாரம் போட விட்டு, வாசலில் கயிறு கட்டி, ஒரு நாளைக்கு இவ்வளவு என்று வாங்குகிறவர்கள் அந்த எஹிதோ குடும்பங்கள்தான். 1992-இல் சட்டத்தை மாற்றி அந்த நிலங்களைத் தனியாருக்கு விற்கவும் வழி செய்துவிட்டார்கள். அதன்பின் ஒவ்வொரு கரையாக மதில் எழும்பிக்கொண்டிருக்கிறது.

செரித்தோஸ் இதற்குச் சரியான உதாரணம். பாஹாவின் தென்கோடியில் தோதோஸ் சாந்தோஸ் என்ற ஊருக்குக் கொஞ்சம் தெற்கே, மணல் அடித்தளம், வாடகைக்குப் போர்டு, கற்றுக்கொடுக்க உள்ளூர்ப் பையன்கள். முதல்முறை அலையில் இறங்கும் பிள்ளைக்கு அந்தத் தீபகற்பத்தில் அதைவிட நல்ல கரை கிடைப்பது கஷ்டம். ஒரு காலத்தில் கூடாரமும் வேனுமாக நின்ற இடம். இன்று கட்டிடங்கள் நிற்கின்றன. கடைசியாகப் போனபோது ஒரு விடுதியின் காவலாளி எங்களை ஈர மணலிலிருந்தே எழுந்து போகச் சொன்னார். சட்டத்தைச் சொன்னதும் விலகிவிட்டார். ஆனால் பிள்ளைகள் முன்னால் அப்படி ஒருவரோடு வாதம் பண்ண வேண்டியிருந்ததை நினைத்தால் இப்போதும் எனக்குக் கோபம் வருகிறது.

அதனால்தான் சொல்கிறேன், எஹிதோக்காரர்கள் கேட்கும் கட்டணத்தைப் பேரம் பேசாமல் கொடுங்கள். கூடாரத்திலிருந்து வருமானம் வருகிறவரைக்கும்தான் அந்த நிலத்தை விற்காமல் வைத்திருக்க அவர்களுக்கு ஒரு காரணம் இருக்கும். தெற்கு மெக்சிகோவின் வஹாகா மாநிலத்தில் பார்ரா தெ லா க்ரூஸ் என்று ஒரு ஊர். கடலுக்குப் போகும் வழியில் ஊராரே வாசல் வைத்துக் கட்டணம் வாங்குகிறார்கள், எப்போது திறப்பது, எப்போது மூடுவது என்பதும் அவர்கள் முடிவுதான். 2006-இல் உலகப் போட்டி நடந்த அலை அது, பிள்ளைகளுக்கு ஏற்றதில்லை. தோணியாமை முட்டையிட வருகிற கரையும்கூட. அந்த ஊர் செய்திருப்பதை மற்றக் கடலோர ஊர்களும் செய்ய வேண்டும் என்பது என் ஆசை.

பாஹாவை விட்டு மெக்சிகோவின் பெருநிலப் பக்கம் விமானத்தில் போகிறவர்களுக்குச் சுருக்கமாக. சிவாதனேஹோவுக்கு வடமேற்கே லா சலதித்தா நல்ல இடம். இடதுபக்கமாக ஓடும் நீண்ட, சாதுவான அலை, வெதுவெதுப்பான தண்ணீர். கற்களுக்கிடையே கடல் முள்ளெலிகள் உண்டு, கால்விரல் கவனம். சான் பிளாஸில் மதான்சென் வளைகுடாவின் அலை இன்னும் சாது, ஆனால் விடிகாலையிலும் அந்தியிலும் ஹெஹேன் என்ற கண்ணுக்குத் தெரியாத பூச்சி கடித்துப் பிள்ளைகளை அழவைத்துவிடும். சயுலிதாவில் கூட்டம் அதிகம். புவேர்த்தோ எஸ்கோந்திதோவின் சிகதேலா கரையில் பிள்ளையை முழங்கால் தண்ணீரில்கூட இறக்காதீர்கள். அதே ஊரில் கரிசலியோ என்ற சின்னக் குடா இருக்கிறது, நீண்ட படிக்கட்டு இறங்கினால் பாதுகாப்பான அலை.

பயம் பற்றியும் பேச வேண்டும். 2024-இல் என்செனாதாவுக்குத் தெற்கே, ஆளில்லாத கடற்கரையில் கூடாரம் போட்டிருந்த மூன்று இளைஞர்களைக் கொன்றார்கள். அதற்குப் பிறகு பலர் பாஹாவே வேண்டாம் என்றார்கள். அந்தப் பயம் எனக்கும் உண்டு, அதை யாரும் அலட்சியம் செய்யக் கூடாது. எங்கள் வீட்டில் வைத்திருக்கும் விதிகள் இவை: கட்டணம் வாங்குகிற, ஆள் நடமாட்டம் உள்ள இடத்தில் மட்டுமே தங்குவது. இரண்டு காராகப் போவது. இருட்டிய பிறகு வண்டி ஓட்டவே கூடாது. கடைசி விதிக்குக் கொள்ளையர்களைவிட மாடுகள்தான் காரணம். ஒன்றாம் எண் நெடுஞ்சாலையில் பல இடங்களில் ஓரமே கிடையாது, ராத்திரி தார் சூடாக இருப்பதால் மாடுகள் வந்து சாலையிலேயே நிற்கும்.

கடலில் என்னைப் பயமுறுத்தியது திருக்கை மீன்தான். ஒருநாள் காலையில் ஓதம் வற்றியிருந்தபோது, இடுப்பளவுகூட இல்லாத தண்ணீரில் என் மகன் அதன்மேல் மிதித்துவிட்டான். பாதத்தின் ஓரத்தில் ஒரு சின்னக் கீறல்தான் தெரிந்தது, ஆனால் அவன் அலறிய அலறல் கூடார வரிசை முழுக்கக் கேட்டது. மூன்றாவது பந்தலில் மீன் பொரித்துக்கொண்டிருந்த அம்மா அடுப்பிலிருந்த வெந்நீரை அப்படியே வாளியில் ஊற்றி, தன் கையை விட்டுச் சூடு பார்த்து, பச்சைத்தண்ணீர் கலந்து, அவன் காலைப் பிடித்து உள்ளே வைத்தார். ஆற ஆற மறுபடி சூடு சேர்த்துக்கொண்டே இருந்தார். ஒரு மணி நேரத்தில் அவன் அழுகை நின்றது. தாங்குகிற சூட்டில் வெந்நீர்தான் அதற்கு மருந்து, டாக்டர்களும் அதையேதான் சொல்கிறார்கள். தண்ணீரில் நடக்கும்போது காலைத் தூக்கி வைக்காமல் மணலில் தேய்த்துக்கொண்டே போகப் பிள்ளைகளைப் பழக்குங்கள், மீன் விலகிப் போய்விடும். பக்கத்தில் ஆள் இருக்கும் இடத்தில் தங்குங்கள் என்று நான் அடித்துச் சொல்வது திருடனுக்காக மட்டும் இல்லை என்பது இப்போது புரியும்.

நாங்கள் இந்த முறை ஜூன் கடைசியில் சான் ஹுவானிகோ போகிறோம். ஆகஸ்ட், செப்டம்பரில் அலை நன்றாக இருக்கும், ஆனால் புயல் காலம். 2023 ஆகஸ்டில் ஹிலாரி புயல் வந்தபோது பாஹாவில் சாலைகளே அடித்துக்கொண்டு போயின. கூட வர நினைப்பவர்கள் மே மாதத்துக்குள் சொல்லுங்கள். பாஸ்போர்ட்டில் செல்லுபடியாகும் அமெரிக்க விசாவோ கையில் கிரீன் கார்டோ இருந்தால் மெக்சிகோவுக்குத் தனி விசா வேண்டாம், பாஸ்போர்ட்டில் எச்1பி விசா ஸ்டாம்ப் காலாவதியானவர்கள் முதலில் அதைப் பாருங்கள். வண்டிக்கு மெக்சிகோ காப்பீடு தனியாக எடுக்க வேண்டும், இங்குள்ளது அங்கே செல்லாது. எல் ரொசாரியோவில் டாங்க்கை நிரப்பிவிட வேண்டும், அங்கிருந்து கெர்ரேரோ நெக்ரோ பக்கம் வரும்வரைக்கும் 300 கிலோமீட்டருக்கு மேல் ஒழுங்கான பெட்ரோல் பங்க் கிடையாது. கெர்ரேரோ நெக்ரோ சோதனைச் சாவடியில் பழங்களை வாங்கி வைத்துக்கொள்வார்கள், அதனால் அதற்கு முன்பே சாப்பிட்டு முடித்துவிடலாம். இட்லிப்பொடி, புளிக்காய்ச்சல், அரிசி நான் எடுத்து வருகிறேன். மீன் அங்கேயே படகுக்காரர்களிடம் வாங்கிக்கொள்ளலாம்.