லார்ட்ஸில் இரண்டு சனிக்கிழமைகள்

ஜூன் 25 வந்துவிட்டால் 'வரலாற்றில் இன்று' என்ற தலைப்பில் ஒரே பட்டியல் ஆண்டுதோறும் என் பக்கத்துக்கு வந்து சேர்கிறது. 1932இல் இந்தியா தன் முதல் டெஸ்ட் போட்டியை லார்ட்ஸ் மைதானத்தில் ஆடத் தொடங்கியது. 1978இல் மரியோ கெம்பெஸ் இரண்டு கோல் அடிக்க, அர்ஜென்டினா 3-1 என்று நெதர்லாந்தை வீழ்த்திக் கால்பந்து உலகக் கோப்பையை வென்றது. 1983இல் கபில்தேவின் அணி அதே லார்ட்ஸில் உலகக் கோப்பையை ஏந்தியது. பகிர்பவர்கள் இதில் விதியின் கை இருப்பதாக எழுதுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை.

மஞ்சூரில் வளர்ந்தவனுக்குத் தேதியின் மீது பெரிய நம்பிக்கை இருக்க முடியாது. தென்மேற்குப் பருவமழை இறங்கிய பிறகு, நோட்டீஸில் அச்சிட்ட நாளில் எங்கள் ஊர்க் கிரிக்கெட் இறுதிப்போட்டி நடந்ததாக எனக்கு நினைவே இல்லை. பெர்லினிலும் அப்படித்தான் ஆயிற்று. 1936 ஒலிம்பிக் ஹாக்கி இறுதி ஆட்டம் ஆகஸ்ட் 14 அன்று நடந்திருக்க வேண்டும். மழையால் மறுநாளுக்குப் போனது. தியான்சந்தின் அணி, உடைமாற்றும் அறையில் காங்கிரஸின் மூவர்ணக் கொடியை வணங்கிவிட்டுக் களமிறங்கி, ஜெர்மனியை 8-1 என்று வென்ற அந்த ஆகஸ்ட் 15, 11 ஆண்டுகள் கழித்து விடுதலை நாளாயிற்று. படிக்கும்போது எனக்கும் சிலிர்க்கத்தான் செய்கிறது. ஆனால் ஆட்டம் 14 அன்றே முடிந்திருந்தாலும் அந்த வணக்கத்தின் எடை ஒரு குன்றிமணியும் குறைந்திருக்காது.

ஜூன் 25இன் மூன்று நிகழ்ச்சிகளில் கெம்பெஸ் தனியாள். மற்ற இரண்டையும் இணைப்பது மைதானம். 1932இல் அணித்தலைவராக அறிவிக்கப்பட்டிருந்தவர் போர்பந்தர் மகாராஜா. அவர் ஒதுங்கிக்கொண்டதால் சி. கே. நாயுடு தலைமையேற்றார். முகமது நிசாரின் வேகத்தில் இங்கிலாந்து 19 ரன்னுக்கு மூன்று விக்கெட்டுகளை இழந்து தடுமாறியது. இறுதியில் இந்தியா 158 ரன் வித்தியாசத்தில் தோற்றாலும், அந்த முதல் காலையை யாரும் இலேசாக எண்ண முடியாது. அடுத்த ஆண்டே பம்பாயில் இந்தியாவின் முதல் டெஸ்ட் சதத்தை லாலா அமர்நாத் அடித்தார். 1983 இறுதிப்போட்டியில் 12 ரன் கொடுத்து மூன்று விக்கெட் எடுத்து ஆட்டநாயகனானவர் அவருடைய மகன் மொகிந்தர். இரண்டு நாளும் சனிக்கிழமை என்பதைவிட இந்த அப்பா-மகன் தொடர்ச்சி எனக்குப் பெரிதாகப் படுகிறது.

அந்த 1983ஆம் ஆண்டு இரவு எங்கள் வீட்டில் தொலைக்காட்சி இல்லை. அடுப்பங்கரையில் சூடேற்றி உயிர்கொடுத்த பேட்டரிகளுடன் ஒரு டிரான்சிஸ்டர் இருந்தது. நம்மவர்கள் எடுத்த 183இல் சென்னைக்காரர் ஸ்ரீகாந்தின் 38தான் அதிகபட்சம் என்பதில் எங்களுக்கு ஏக பெருமை. ஆனால் மேற்கிந்தியத் தீவுகளின் ரிச்சர்ட்ஸ் அடித்து நொறுக்கியபோது, "இது தேறாது" என்று அப்பா எழுந்து படுக்கப் போய்விட்டார். போகும்போது, வழக்கம்போல, தினசரி நாட்காட்டியில் அன்றைய தாளைக் கிழித்துவிட்டார். லண்டனில் மாலை ஏழரை மணி வாக்கில், நம் கடிகாரத்தில் ஏறக்குறைய நள்ளிரவில், மேற்கிந்தியத் தீவுகள் 140இல் சுருண்டபோது, எங்கள் சுவரில் தேதி 26 என்றிருந்தது.