எல்லாரும் கோல் அடிக்கப் போனா பந்தை யாருய்யா பிடுங்குறது?

மறுபடியும் ஆரம்பிச்சுட்டாங்க. கால்பந்து தேசிய அணி அறிவிச்ச அடுத்த நிமிஷமே "அவரை ஏன் எடுக்கல, இவரை ஏன் உட்கார வெச்சீங்க, கோல் அடிக்கிற எல்லாரையும் ஒண்ணா இறக்குங்கய்யா"ன்னு ஒரே கூச்சல். யாராச்சும் ஒருத்தர், ரைட் பேக், அதான் வலது பக்கம் தடுக்கிற ஆள், யாருன்னு கேட்டீங்களா?

2010 அதுக்குள்ள மறந்துபோச்சா? மே 22, ஐரோப்பிய கிளப்கள் மோதுற சாம்பியன்ஸ் லீக்கோட இறுதி ஆட்டம். இன்டர் மிலான் பயர்ன் மியூனிக்கை 2-0ன்னு சாய்ச்சது. இன்டர் கேப்டன் சனெட்டி, நடுவுல காம்பியாசோ. ரெண்டு பேரும் அர்ஜென்டினாக்காரங்க. அன்னைக்கு அவங்ககிட்ட தோத்த பயர்ன்ல யாரு? ஜெர்மனிக்காரங்க ஷ்வைன்ஸ்டைகர், முல்லர்.

ஜெயிச்ச சனெட்டி, காம்பியாசோ ரெண்டு பேரையும் அப்போ அர்ஜென்டினா கோச்சா இருந்த மரடோனா உலகக் கோப்பைக்குக் கூட்டிட்டே போகல! ஆனா முன்வரிசைக்கு மட்டும் மெஸ்ஸி, டெவெஸ், ஹிகுவைன், அகுவேரோ, மிலிட்டோ, பலெர்மோன்னு ஆறு பேர். சனெட்டி நிக்க வேண்டிய ரைட் பேக் இடத்துல முதல்ல ஓரமா ஓடி அட்டாக் பண்ற ஒரு விங்கர், அப்புறம் நடுவுல தடுக்கிற சென்டர் பேக் ஒட்டமெண்டி.

சரியா ஆறே வாரம். ஜூலை 3, கேப் டவுன், ஜெர்மனியோட காலிறுதி. மூணாவது நிமிஷமே ஷ்வைன்ஸ்டைகரோட ஃப்ரீ கிக், முல்லர் தலையால தட்டினார், கோல். நடுக்களத்துல அர்ஜென்டினாவோட மஸ்கெரானோ ஒத்தை ஆளா அல்லாடுறார். 68-வது நிமிஷத்துல ஜெர்மனியோட க்ளோசா ரெண்டாவது கோல். 70-ல அர்ஜென்டினாக்காரங்க என்ன பண்ணினாங்க தெரியுமா? இருந்த ரைட் பேக்கையும் வெளியே கூப்பிட்டு, பாஸ்டோரேன்னு இன்னொரு அட்டாக்கரை அனுப்பினாங்க. நாலே நிமிஷம். அதே பக்கமா ஷ்வைன்ஸ்டைகர் உள்ளே புகுந்தார். ஒருத்தர், ரெண்டு பேர், மூணு பேர்... கோல் லைன் வரைக்கும் போய் நிதானமா ஃப்ரெட்ரிக்குக்குத் தள்ளினார், மூணாவது கோல். வழிமறிச்சவங்கள்ல ஒருத்தருக்குக்கூட டிஃபென்ஸ் தொழில் கிடையாது. வயிறு எரியுது. கடைசில 0-4.

திட்டு வாங்கினது யாரு? மெஸ்ஸி. அந்தத் தொடர்ல ஒரு கோல்கூட அடிக்கலையாம். பந்தைக் கொண்டுவந்து கொடுக்க ஆள் இல்லாம, அவரே நடுக்கோடு வரைக்கும் இறங்கி வந்தா எப்படிய்யா அடிப்பார்?

2018 உலகக் கோப்பைல ஃபிரான்ஸோட முன்வரிசை ஆள் ஜிரூ இலக்கை நோக்கி ஒரு ஷாட்கூட அடிக்கல. ஆனா முதுகைக் கொடுத்து பந்தைத் தாங்கிப் பிடிச்சார், க்ரீஸ்மனும் எம்பாப்பேயும் பறந்தாங்க, ஃபிரான்ஸ் கோப்பையைத் தூக்கிச்சு. அவரையும் அப்ப கிண்டல்தான் பண்ணினீங்க.

அப்புறம், இந்த டிவிக்காரங்க! அங்க கார்னர் எடுத்துட்டு இருக்காங்க, இங்க பழைய ஃபவுலை மூணாவது தடவையா ஸ்லோமோஷன்ல ஓட்டுறாங்க. ஆட்டத்தைக் காட்டுங்கய்யா!