சிலபஸ் என்றால் ஐந்து யூனிட் தலைப்பு மட்டும்தானா?

"சிலபஸில் ஐந்து யூனிட்டை மட்டும் பார்த்தால் போதும், மற்றதெல்லாம் சும்மா" என்று முதலாமாண்டு மாணவர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றுகிற செய்தி தவறு.

அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 ரெகுலேஷன் (படிப்பு, தேர்வுக்கான விதிமுறை) சிலபஸ் ஒன்றை எடுங்கள். பாடத்தின் பெயருக்குப் பக்கத்தில் எல், டி, பி, சி என்று போட்டு, கீழே 3 0 0 3 என்று இருக்கும். வாரம் 3 வகுப்பு, டுடோரியல் இல்லை, லேப் இல்லை, 3 கிரெடிட் (பாடத்தின் எடை) என்று அர்த்தம். 3 கிரெடிட் பாடத்தில் கிரேடு குறைந்தால் சிஜிபிஏ (எல்லா செமஸ்டருக்குமான சராசரி கிரேடு புள்ளி) எவ்வளவு அடி வாங்கும் என்று கணக்குப் போட இந்தக் கடைசி எண்தான் வேண்டும், அதைப் போய் சும்மா என்கிறார்கள்! அப்புறம் பாடத்தின் நோக்கங்கள், ஒவ்வொரு யூனிட்டுக்கும் எத்தனை பீரியட் (பெரும்பாலும் 9, மொத்தம் 45), டெக்ஸ்ட் புக், ரெஃபரன்ஸ் பட்டியல். கோர்ஸ் அவுட்கம் (பாடத்தை முடித்ததும் மாணவருக்கு என்னென்ன தெரிந்திருக்க வேண்டும்) பகுதியைத் தயவுசெய்து தாண்டிப் போகாதீர்கள், கேள்விகள் அதை ஒட்டி அமைகின்றன.

ஒன்று மட்டும் சிலபஸில் தேடாதீர்கள். தியரி பாடத்துக்கு இன்டர்னல் 40, செமஸ்டர் தேர்வு 60 என்ற மதிப்பெண் பிரிப்பு ரெகுலேஷன் ஆவணத்தில்தான் இருக்கிறது.